‘ஆகாது’ என்று எழுதிய பதினொரு பேர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேவதி போனில் கூப்பிட்டாள். கொல்லிமலையில் நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த கிளை நூலகத்தில் இப்போது அவள்தான் நூலகர். ஓய்வு பெற்றவனை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய பதிவேடு காணாமல் போயிருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

“சார், வாசகர் கருத்தையெல்லாம் இனிமே போன்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. அஞ்சு நட்சத்திரம் இருக்குதுங்க. எத்தனைன்னு தொட்டாப் போதும். நேத்து ஒரு அம்மா வந்து, புதுசா வந்த புத்தகத்தோட கடைசி அத்தியாயத்த நின்ன வாக்குல படிச்சாங்க. படிச்சுட்டு, ‘இதுல தப்பா அச்சடிச்சுட்டாங்க கண்ணு, சரியானது எங்கூட்டுல இருக்குது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு எத்தன நட்சத்திரமுங்க போடறது?”

“என்ன புத்தகம்?”

“பரிதியூரான் எழுதுனதுங்க, ‘பேர் சொல்லும் கோள்’. அவரு இறந்து பல வருசம் ஆச்சில்லீங்களா, இப்ப எங்கியோ பழைய பிரதி ஒண்ணு கெடச்சு, அவரு குடும்பத்துல மறுபடி போட்டிருக்காங்க.”

“வந்தது வெள்ளையம்மாவா?”

“ஆமாங்க! உங்களுக்கு எப்புடித் தெரியும்?”

தெரியாமல் என்ன. என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்தப் புத்தகம்தான். அதைவிட, வெள்ளையம்மா வீட்டில் இருக்கிறதே ‘சரியானது’, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை மட்டும் இருபது வருடமாகக் குறையவில்லை.

நான் அடிவாரத்துக்காரன். எங்களுக்குக் கரும்பும் மஞ்சளும் போடுகிற கொஞ்சம் நிலம் உண்டு. நூலகப் படிப்புக்கு ஒரு சான்றிதழ் வாங்கினேன். ஆறு மாதம் பெரிய நூலகம் ஒன்றில் தூசி தட்டினேன். பிறகு மலைக்குப் போட்டார்கள். முதல் நாள் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபோது நூலகனாக இறங்கவில்லை, நோயாளியாக இறங்கினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேலதிகாரி தணிகாசலம்.

வருடத்துக்கு இரண்டு முறை ஆய்வுக்கு வருவார். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். கைக்குட்டையை மடித்து மேசையின் ஓரத்தில் வைத்து, அதன் மேல் ஓர் அடிக்கோலை வைப்பார். அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு புத்தகத்தை உருவுவார். நூலகப் புத்தகத்துக்குத் தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவில் யாருக்கும் சொல்லாத ஒரு ரகசியப் பக்கத்தில் ஒன்று. எங்களுக்கு அது முப்பத்தொன்றாம் பக்கம். மூன்றையும் பார்ப்பார். பின் அட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளில், புத்தகம் வீட்டுக்குப் போய் வந்த தேதிகளை விரலால் எண்ணுவார். அப்புறம் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து ஓர் உதறு உதறுவார். பஸ் டிக்கெட், மிளகு இலை, ஒரு தடவை யாருடைய ஜாதகமோ விழுந்தது. விழுந்ததையெல்லாம் ஓர் உறையில் போட்டு, “கேட்டு வந்தாக் குடுங்க” என்று என்னிடம் கொடுப்பார். திட்ட மாட்டார். தப்பு இருந்தால் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

வாசகர் கருத்து நோட்டும் அவர் ஏற்பாடுதான். வரிசை எண், உறுப்பினர் எண், நூலின் பெயர், கருத்து என்று நான்கு கட்டம். கருத்துக் கட்டம் இரண்டு விரல் அகலம். “ஒரு வார்த்தை போதும். கதை எழுதவிட்டா நோட்டுத் தீர்ந்துரும்” என்றார். இன்னொன்றும் சொன்னார்: “அவங்க எழுதுனதத் திருத்தாதீங்க. எழுத்துப் பிழைகூட அவங்களுதுதான்.”

எழுதினது ஒரு வார்த்தை என்றாலும் என் மேசைக்கு முன்னால் நின்று பேசியது நூறு வார்த்தை இருக்கும். அதிலும் பரிதியூரான் நாவல் என்றால் ஒருவரும் சும்மா போக மாட்டார்கள். மனிதர் நூற்றுக்கு மேல் எழுதித் தள்ளியவர். விண்கலம், மூன்று சூரியன், மந்திரவாதி, பறக்கும் யானை எல்லாம் ஒரே கதையில் வரும். எங்கள் நூலகத்தில் ஓர் அலமாரி முழுக்க அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்காது. நான் வரலாறு படிக்கிறவன். நடந்ததைப் படிக்கவே ஆயுள் போதாதபோது நடக்காததை எதற்குப் படிப்பது என்று இருந்தேன்.

ஆனால் மலைக்காரர்கள் படித்த விதம் வேடிக்கையாக இருக்கும். மூன்று சூரியன் உள்ள ஊர் என்றால் சரி என்று ஒத்துக்கொள்வார்கள். மந்திரவாதி மலையை நகர்த்தினால் அதுவும் சரி. “ஆனா அங்க சாமைய ரெண்டு மாசத்துல அறுக்கறாங்களாமுங்க. எந்தச் சூரியனா இருந்தா என்ன, சாமை சாமைதானுங்களே? இவரு காட்டுல கால வெச்சிருக்க மாட்டாரு” என்று ஒருவர் கோபமாகவே புத்தகத்தை மேசையில் வைத்தார். பஸ் டிரைவர் ஒருவருக்கு வேறு சந்தேகம். “நெலாவுக்குப் போயிட்டு வந்தாங்களே சார், அத்தன பேருல ஒருத்தருக்குக்கூடவா வாந்தி வரல?” அவருடைய கருத்துக் கட்டத்தில் ‘வாந்தி?’ என்று மட்டும் இருந்தது. தணிகாசலம் ஆய்வுக்கு வந்தபோது அதை நெடுநேரம் பார்த்தார். திருத்தவில்லை.

‘பேர் சொல்லும் கோள்’ அந்த அலமாரியிலேயே தடியான புத்தகம். அதற்கு மட்டும் கருத்து வேறு மாதிரி வந்தது. முதலில் ஒருவர் ‘ஆகாது’ என்று எழுதினார். அடுத்த மாதம் இன்னொருவர், ‘ஆகாது’. ‘ஆவாது’ என்று ஒருவர். மொத்தம் பதினொரு பேர், எல்லோரும் அதே வார்த்தை. தேதித் தாளைப் பார்த்தால் ஒரு முத்திரைகூட இல்லை. ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. வாசிப்பு மேசையில் அது அடிக்கடி கிடக்கும். தடியாக இருப்பதால் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள் என்று நினைத்து நான் எடுத்து அடுக்குவேன்.

அந்த வருடம் கழிவு எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கிழிந்ததையும் யாரும் சீந்தாததையும் பட்டியல் போட்டு, பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்து, மூட்டை கட்டி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற புத்தகங்களுக்கு நான் இரண்டு தடவை யோசித்தேன். இதற்கு யோசிக்கவேயில்லை. பதினொரு பேர் ஒன்றுக்கும் ஆகாது என்று எழுதிய பிறகு என்ன யோசனை? அந்தக் கோட்டை இழுக்கும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூட்டை இறங்கி மூன்று வாரம் கழித்து வெள்ளையம்மா வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். குண்டூர் நாட்டுப் பக்கம் மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறவள். அப்போது நாற்பதுக்குள் இருக்கும். வளர்ந்த பிறகுதான் எழுத்துக் கூட்டப் பழகினாள். விரலை வைத்து உதடு அசைய அசைய, பொழுதுக்கும் நான்கு பக்கம் படிப்பாள். ஜன்னலோர பெஞ்சில் ஞாயிறுதோறும் அவள் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். என்ன படிக்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“சார், அந்தத் தடிப் பொஸ்தகத்தக் காணமுங்க. அலமாரி பூராத் தேடிட்டேன்.”

“எது அம்மிணி?”

“அந்தத் தங்கச்சிக்காரி அண்ணனத் தேடிட்டு வேற கோளுக்குப் போவாளே, அதுங்க. இன்னும் இருவது பக்கந்தான் பாக்கி.”

கழிவில் போய்விட்டது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. யாரும் எடுத்துப் போகவில்லை, பதினொரு பேர் ஆகாது என்று எழுதிவிட்டார்கள், அதனால் எடுத்துவிட்டோம் என்று விளக்கினேன். நோட்டைக்கூடத் திருப்பிக் காட்டினேன். அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“ஊட்டுக்கு ஆகாதுன்னு எழுதியிருக்காங்க சார். பொஸ்தகம் ஆகாதுன்னா எழுதியிருக்காங்க?”

நான் நோட்டை என் பக்கம் திருப்பி மறுபடி படித்தேன். பிறகு அவளே சொன்னாள். அந்தக் கோளில் விளக்கு வைக்கும் நேரத்தில் இறந்தவர்களை வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்களாம். பக்கத்துக்குப் பக்கம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் படித்தவர் யாரோ நூலகத்தில் படித்ததை வீட்டில் சத்தமாகச் சொல்லப்போய், வீட்டில் இருந்த பெரியவர்கள், விளக்கு வைத்த வீட்டுக்குள் இதென்ன பேச்சு என்று வாயை அடைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அது வீட்டுக்கு ஆகாத புத்தகம். அதனால்தான் எல்லோரும் நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தார்கள். என் நூலகத்திலேயே அதிகம் பேர் படித்த புத்தகம் அதுதான். அடிவாரத்தில் எங்கள் வீட்டிலும் இந்த மரம் ஊட்டுக்கு ஆகாது, அந்தச் செடி ஊட்டுக்கு ஆகாது என்று பேசுகிறவர்கள்தான் நாங்கள். அந்த வார்த்தைக்கு எனக்கு அகராதி வேண்டியதில்லை. இரண்டு விரல் கட்டத்தில் ‘ஊட்டுக்கு’ என்ற சொல்லுக்கு இடமில்லை, அவ்வளவுதான். இல்லாத சொல்லை என் இஷ்டத்துக்கு நான் நிரப்பிக்கொண்டேன்.

“எங்கண்ணன் மொளகு பறிக்கச் சில்வர் ஓக்கு மரத்துல ஏறி உழுந்து செத்துப்போச்சுங்க” என்றாள் வெள்ளையம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அவ கூப்பிட்டா, அவுங்கண்ணன் வந்தானா இல்லையான்னு தெரியோணுமுங்க. அதுக்குத்தான் ரெண்டு வருசமாப் படிக்கறேன்.”

முடித்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்களே, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “வாயில சொன்னா அது அவங்கவங்க கதைங்க. எழுத்துல வேணும்.” அவள் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு தெரிந்தது. மூன்று பேரை நான் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் வந்தான் என்றார் ஒருவர். தங்கைதான் அண்ணனோடு போய்விட்டாள் என்றார் இன்னொருவர். டிரைவர், “முடிவு ஞாபகமில்லீங்க, ஆனா படிச்சப்ப மயிர்க்கூச்செறிஞ்சுது” என்றார்.

மறுநாளே மலையிறங்கி மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். மூட்டைகள் போன வாரமே காகித ஆலைக்குப் போய்விட்டன. தணிகாசலத்தின் அறையில் நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவர் கைக்குட்டையை எடுக்கவில்லை.

“கருத்து நோட்டக் கொண்டாந்தீங்களா?”

கொடுத்தேன். பதினொரு ‘ஆகாது’வையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரே வார்த்தையைப் படிக்க ஒரு மனிதர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

“இந்தக் கட்டம் எவ்வளவு அகலம்?”

“ரெண்டு விரல் சார்.”

“யாரு போடச் சொன்னது?”

“நாந்தான்” என்று அவரே சொன்னார். அடிக்கோலை எடுத்தார். அடுத்த புதுப் பக்கத்தில் ஏற்கெனவே நான் போட்டு வைத்திருந்த கட்டங்களின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டார். “இனிமே ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். நோட்டுத் தீர்ந்தா எங்கிட்டக் கேளுங்க.” பிறகு நிமிர்ந்தார். “அந்தம்மாவுக்கு என்ன செய்யப் போறீங்க?”

“தெரியல சார்.”

“பட்டியல்ல சேத்தப்பத் தெரிஞ்சுதா?”

அவர் என்னைத் திட்டியது என்றால் அது ஒன்றுதான். அன்று சாயங்காலம் வரை பழைய கொள்முதல் கோப்புகளை இருவருமாகப் புரட்டினோம். புத்தகம் போட்ட பதிப்பகம் மூடிப் பல வருடமாகியிருந்தது. வேறு பிரதி எந்தக் கிளையிலும் இல்லை. கடைசியில் ஒரு பழைய விலைப்பட்டியலின் ஓரத்தில் பரிதியூரானின் வீட்டு முகவரி கிடைத்தது. தணிகாசலம் அதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் பிடிக்காத எழுத்தாளருக்கு நான் கடிதம் எழுதினேன். மூன்று தடவை கிழித்துப்போட்டுவிட்டு எழுதினேன். ஆகாது என்பதை நான் தப்பாகப் புரிந்துகொண்டதை எழுதினேன், வெள்ளையம்மாவின் அண்ணனை எழுதினேன், கடைசி இருபது பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். சாமைக்கு நாலு மாதம் என்பதையும் மறக்காமல் ஒரு வரி சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. எனக்கு ஒரு சின்னத் தாள். ‘அந்த நாவலின் பிரதி என்னிடமும் இல்லை. எழுதியது அதிகம், வைத்துக்கொண்டது குறைவு. முடிவு என்னவென்று சத்தியமாக நினைவில்லை. இத்தனை காலத்தில் நன்று, சுமார், குப்பை என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஆகாது என்று ஒருவரும் எழுதியதில்லை. அந்தப் பதினொரு பேருக்கும் என் வணக்கம். சாமைக்கு நாலு மாதம் என்று சொன்னதற்கு நன்றி.’ கூடவே நன்றாக ஒட்டிய தடித்த உறை ஒன்று. மேலே ‘வெள்ளையம்மா அவர்களுக்கு’ என்று எழுதியிருந்தது.

அடுத்தவர் பேருக்கு வந்த உறையை நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஜன்னலோர பெஞ்சில் அவள் அதை மூன்று ஞாயிறு படித்தாள். கையெழுத்து என்பதால் அச்சை விடச் சிரமம். நான் பதிவேட்டைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“சார், இது ஊட்டுக்கு ஆகுங்க. எடுத்துட்டுப் போறேன்.”

அந்தத் தாள்களுக்குப் பதிவு எண் இல்லை. முப்பத்தொன்றாம் பக்கமும் இல்லை, தேதித் தாளும் இல்லை. “எடுத்துட்டுப் போங்க அம்மிணி” என்றேன்.

“என்னைக்குங்க திருப்போணும்?”

நான் தேதி எதுவும் சொல்லவில்லை. நோட்டில் அவளுக்கென்று ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். அத்தனை பெரிய பக்கத்தின் நடுவில் ‘ஆகும்’ என்று எழுதிவிட்டுப் போனாள். ஏன் ஆகும், அண்ணன் வந்தானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. புத்தகத்தைத் தொலைத்தவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அன்று கேட்காதது, அப்புறம் கேட்கவே முடியாமல் போனது. பிறகு மாற்றல், பிறகு மறுபடி அதே மலை, பிறகு ஓய்வு.

ரேவதி போனில் காத்திருந்தாள். அச்சில் உள்ள முடிவு என்ன என்று அவளைக் கேட்டேன்.

“அண்ணன் வந்துர்றானுங்க சார். வந்து ஊட்டுக்குள்ள உக்காந்துக்கறான். அதுக்கப்புறம் அந்த ஊட்டுல இருந்து ஒருத்தரும் வெளிய போறதில்ல. அதோட முடியுது. படிச்சுட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்துது.”

பதினொரு பேரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அது எந்த வீட்டுக்கும் ஆகாது.

அடுத்த பஸ்ஸில் மலையேறினேன். இந்த வயதிலும் எழுபது வளைவும் என்னை விடவில்லை. வெள்ளையம்மா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும், “வாங்க சார், அந்தப் புள்ள சொல்லி விட்டாளுங்களா?” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அந்தத் தாளுகளக் குடுத்தீங்கன்னா ஊட்டுக்குக் கொண்டுபோயிப் படிச்சுட்டு, நாளன்னிக்குக் கொண்டாந்து தர்றேன் அம்மிணி.”

“அதெல்லாம் வெளிய குடுக்கறதில்லீங்க சார். இங்கயே உக்காந்து படிங்க.”

உட்கார்ந்து படித்தேன். பத்துத் தாள். தங்கை விளக்கை வைத்துவிட்டு வாசலில் நின்று அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் வருகிறான். வாசலோடு நின்றுகொள்கிறான். உள்ளே வா என்கிறாள். வரவில்லை. தண்ணீர் கேட்டுக் குடிக்கிறான். இந்த வருடம் சாமை எப்படி என்று கேட்கிறான், அவள் நாலு மாசம் ஆகும், இன்னும் அறுக்கவில்லை என்கிறாள். விழுந்தபோது வலித்ததா என்று கேட்கிறாள். இல்லை, கீழே வருவதற்குள் உன் நினைப்பு வந்தது, அதோடு சரி என்கிறான். நேரமாச்சு, உள்ளே போ, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடுகிறான். அவள் உள்ளே போய்ச் சோற்றை இறக்கி வைக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் எழுத்து எனக்குக் கலங்கிவிட்டது. நூற்றுக்கு மேல் எழுதிய மனிதர். நான் படித்தது இந்தப் பத்துத் தாள்தான். மற்றதையெல்லாம் படிக்காமலேயே பிடிக்காது என்று இருந்திருக்கிறேன்.

மிளகைத் துழாவிக்கொண்டே வெள்ளையம்மா கேட்டாள்: “எப்புடிங்க இருக்குது?”

“சரியானது இதுதான் அம்மிணி.”

“அதத்தானுங்க நானும் அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன்” என்றாள். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கி, பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.